கழுத்தைப் பார்க்காமல் வைத்த பெயர்

ஊசியக்கா ஒல்லியானவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாடிப்படி ஏறினால் இரண்டாவது வளைவில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவாள். நீர்நிலை ஆய்வுக்கூடத்தின் மேல்மாடியில் ஊசித்தட்டான்களை இனம் பிரித்து அடுக்கும் வேலை அவளுடையது. அதனால் வந்த பெயர். ஊசித்தட்டான் என்றால் தட்டானின் ஒல்லித் தம்பி. தீக்குச்சியைவிட மெலிந்த உடம்பு, உட்காரும்போது இறக்கையை முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். முப்பத்தோரு வருஷம் அவள் அந்தப் பூச்சியின் முகத்தில்தான் விழித்தாள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பூச்சி என்றால் துடைப்பத்தால் தள்ளுகிற பொருள். எழுத்தர் வேலை என்றுதான் கூப்பிட்டார்கள். கையெழுத்து கடுகளவில், அச்சடித்ததுபோல இருந்ததால், நகம் அகலத்துச் சீட்டில் ஊர், தேதி, இனத்தின் பெயர் மூன்றையும் எழுதும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அடுத்தவர் சொன்ன பெயரை எழுதிக்கொண்டே இருந்தவள், ஒருநாள் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்துவிட்டு, நேற்று சொன்ன பெயர் தப்பு என்றாள். அப்போதிருந்த அதிகாரி கோபித்துக்கொண்டு தானும் பார்த்தார். தப்புதான். ஆறு மாதத்தில் அவர் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டார். அவளே சொன்னாள், அவளே எழுதினாள்.

அந்த ஊர்த் தண்ணீரில் ஊசித்தட்டான் பல வகை உண்டு. பெரும்பாலானவற்றை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டு வகை மட்டும் தொல்லை. இரண்டும் நீலம், இரண்டிலும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோடு, நீளமும் ஒன்று, இறக்கை நரம்பும் ஒன்று. புத்தகப் பெயர்கள் ஒன்றரை வரிக்கு நீளும் என்பதால் பூச்சி அறையில் அவற்றைக் கொக்கியான், மொட்டையான் என்றுதான் சொல்வார்கள்.

ஆணின் வால் நுனியில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு சின்ன இடுக்கிகள் இருக்கும். மேல் இடுக்கியின் முனை உள்பக்கம் வளைந்திருந்தால் கொக்கியான், மழுங்கி நின்றுவிட்டால் மொட்டையான். அந்த இடுக்கியால்தான் ஆண் பெண்ணைப் பிடிக்கும்; தலைக்குப் பின்னால், கழுத்தில். பெண்ணின் கழுத்தில் கடுகில் பாதி அளவு ஒரு தகடு உண்டு. கொக்கியான் இனத்துப் பெண்ணுக்கு அந்தத் தகட்டின் பின்விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கும்; ஆணின் வளைவு அதில் போய் உட்காரும். மொட்டையான் இனத்துப் பெண்ணுக்குப் பள்ளம் கிடையாது, விளிம்பு நேராக ஓடும். வித்தியாசம் இவ்வளவுதான். மற்றபடி பெண்கள் இரண்டும் கூடப் பிறந்த அக்கா தங்கை மாதிரி இருப்பார்கள்.

ஆணைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பெண்ணுக்கு ஏழு நிமிஷம். காய்ந்த பூச்சியின் தலை கழுத்துத் தகட்டின்மேல் சாய்ந்து கிடக்கும். ஈரம் காட்டி, ஊறவிட்டு, சாமணத்தால் பிடித்துக்கொண்டு, மெல்லிய ஊசியால் தலையைக் கீழே அழுத்தி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால்தான் பள்ளம் தெரியும். அவசரப்பட்டால் தலை கழன்று தனியே வந்துவிடும். தனியாகப் பிடிபட்ட பெண் ஒவ்வொன்றையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். விளிம்பு தெளிவாகத் தெரியாவிட்டால் எந்தப் பெயரும் எழுத மாட்டாள். "ஊசியக்கா எழுதிட்டா அதுக்கு மேல கேள்வி கிடையாது" என்று மற்ற ஊர்களிலிருந்து வருகிறவர்களே சொல்வார்கள்.

ஜோடியாகப் பிடிபட்டவற்றுக்கு மட்டும் வேறு வழக்கம். ஆண் பெண்ணின் கழுத்தைப் பிடித்தபடியே வலையில் விழுந்தால், இரண்டையும் ஒரே கண்ணாடித்தாள் உறையில் போடுவார்கள். ஆணின் இடுக்கியைப் பார்த்து உறைக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். பெண்ணைப் பார்ப்பதில்லை. இவன் பிடித்திருக்கிறான் என்றால் அவள் இவன் இனம்தான் என்பது, முதல் அதிகாரி சுவரில் ஒட்டி வைத்த எட்டு விதிகளில் ஐந்தாவது. கொக்கி பள்ளத்தில்தானே உட்காரும், பள்ளம் இல்லாத கழுத்தை எப்படிப் பிடிக்கும் என்பது கணக்கு. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஒரு ஜோடி கிடைத்தால் ஏழு நிமிஷம் மிச்சம். ஏழு நிமிஷம் மிச்சமாகிற விதியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வீட்டில் அவளுக்கு நிமிஷங்கள் அதிகம் தேவைப்பட்டன. கணவன் பஸ் ஓட்டியவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வலப்பக்கம் சாய்ந்து, குழாயைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பின் வலது கையும் காலும் அவனுடையதாக இல்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "சரி." பசிக்கிறதா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி, கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடும்போதும் சரிதான். அவளுக்கு அந்தச் சொல்லைவிட அவன் நெற்றிதான் அதிகம் சொல்லும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு இடையில் தலையணை, குதிகால் படுக்கையில் படாமல் சுருட்டிய துணி. தண்ணீரைக்கூடக் கெட்டியாகக் கலக்கி, தலையை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டி கரண்டியாகத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பின்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஆறு வருஷத்தில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. அதை யாரும் பாராட்டவில்லை. வந்திருந்தால் எல்லாரும் கேட்டிருப்பார்கள்.

பகலில் பார்த்துக்கொண்டவள் அவனுடைய அக்கா. நாத்தனாருக்கு வயது அறுபத்தெட்டு, இடுப்பு வலி வேறு. இரண்டு தெரு தள்ளியிருந்து காலை எட்டரைக்கு வந்து மாலை நாலரைக்குப் போவாள். நாலரை என்றால் நாலரை. நாலு முப்பத்திரண்டுக்கு வாசலில் செருப்போடு நிற்பாள். வாய் கொஞ்சம் நீளம். "என் தம்பியைப் பார்க்க எனக்கு என்ன கஷ்டம், உன் பூச்சிக்கு அவனைவிட அவசரமா?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். ஆனால் ஒருநாள் வராமல் இருந்ததில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. வேறு ஆளும் இல்லை.

ஆய்வுக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி ஒரு வருஷமாகவே காற்றில் இருந்தது. கடைசியில் தாளில் வந்தது. கட்டடம் வேறு அலுவலகத்துக்கு, சேகரிப்பு முழுவதும் தலைநகரத்து மையக் கிடங்குக்கு, ஊசியக்கா ஓய்வுக்கு. மூன்றும் ஒரே தேதியில். கையில் இருந்தது ஒன்பது வேலை நாள்.

பெட்டி செய்ய ஒரு தச்சர் வந்தார். ஐம்பது வயது, காதில் பென்சில், வாய் ஓயாது. ஆணி அடிக்கும் சத்தம் உறைகளை அதிரவைக்கும் என்று ஊசியக்கா ஆணியைத் தடுத்ததால் எல்லாவற்றையும் திருகாணியில்தான் முடுக்கினார். அதற்கு நேரம் பிடித்தது, நேரம் பிடித்ததால் பேச்சும் வளர்ந்தது. முதல்நாள் மதியம் ஒரு ஜோடி உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எது புருஷன், எது பொண்டாட்டி என்று கேட்டார். சொன்னாள். ஆணின் வால் இடுக்கியைக் காட்டி, இதை வைத்துத்தான் கொக்கியான் என்று தெரியும் என்றாள்.

"அந்தம்மா யாருன்னு எப்படிக்கா தெரியும்?"

"இவன்தானே புடிச்சிருக்கான். அப்ப இவன் இனம்தான்."

தச்சர் திருப்புளியைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கே. கூட்டமான பஸ்ல என் கையைப் புடிச்சிட்டு ஒரு அம்மா நின்னா, அவங்க என் வீட்டுக்காரி ஆயிடுவாங்களா? என் வீட்டுல சொல்லிடாதீங்க."

ஊசியக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, சும்மா சொல்லவில்லை தம்பி, இதற்கெல்லாம் பூட்டும் சாவியும் மாதிரி அளவு இருக்கிறது, காட்டுகிறேன் வா என்று அந்த உறையைப் பிரித்தாள். பெண்ணை ஈரத்தில் போட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து, தலையை அழுத்தி, விளக்கைச் சாய்த்து, முதலில் அவர் பார்க்கட்டும் என்று நகர்ந்துகொண்டாள். தகட்டின் பின்விளிம்பில் நடுவில் ஒரு பள்ளம் தெரியும் பார் என்றாள்.

தச்சர் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார். "மட்டம் பார்த்து இழைச்ச மாதிரி நேராத்தான் இருக்கு அக்கா."

தச்சு வேலைக்காரரின் கண். நேர் விளிம்புக்கும் வளைந்த விளிம்புக்கும் வித்தியாசம் தெரியாத கண் அல்ல. அவள் குனிந்து பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. விளக்கை இடமும் வலமும் மாற்றி வைத்தாள். மொட்டையான் இனத்துப் பெண். கொக்கியான் பிடித்திருக்கிறான், பிடித்ததில் கழுத்தில் லேசாகக் கீறல்கூட விழுந்திருக்கிறது.

அன்று மாலைக்குள் பழைய கட்டுகளிலிருந்து கைக்கு வந்த பத்து உறைகளைப் பிரித்தாள். எட்டில் பள்ளம் இல்லை.

இது அவளுக்கு என்ன, பூச்சிக்கு என்ன என்று கேட்கலாம். கொக்கியான் அந்த வட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு: பழைய நீரேற்று நிலையத்துக்குப் பின்னால், மரநிழலில் ஓடும் ஒரு வாய்க்கால். அதற்கு சிமெண்ட் தளம் போட வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மையக் கிடங்கு ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தது. எந்த நீரில் எந்த உயிர் எவ்வளவு இருக்கிறது என்று. குறைவாக இருந்தால் அந்த இடத்தைத் தொடக்கூடாது. போதுமான அளவு இருந்தால் வேலை தொடங்கலாம். எண்ணிக்கையில் பெண்தான் முக்கியம், முட்டையிடுவது அவள்தானே. கொக்கியான் ஜோடிகள் என்று ஊசியக்கா பெயர் எழுதிய உறைகள் அறுநூற்று முப்பத்தெட்டு; அந்த இனத்துப் பெண் தனியாக வலையில் சிக்கியதே இல்லை, ஜோடியில்தான் சிக்கும் என்று எல்லாரும் விட்டிருந்தார்கள். அத்தனை பெண்கள் இருக்கிற வாய்க்காலை யார் காப்பாற்ற வேண்டும்?

மறுநாள் துறைத்தலைவியிடம் சொன்னாள். கெட்டவள் அல்ல அந்த அம்மாள். அவளும் ஜன்னல் இல்லாத ஓர் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போகப்போகிறவள், அறை முழுக்கக் கோப்புக் கட்டுகள். கடைசிவரை கேட்டாள். பட்டியலுக்கான பெயர்கள் போன மாதமே கிடங்குக்குப் போய்விட்டன என்றாள். திருத்தம் இருந்தால் ஒரு படிவத்தில் எழுதிப் பெட்டிகளோடு அனுப்பலாம், வந்து சேரும் நாளில் ஏற்றுக்கொள்வார்கள், அதற்குப் பிறகு பட்டியலை மூடிவிடுவார்கள்.

"லாரியை ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதாம்மா?"

"என் கையில இருந்தா ஒரு மாசம்கூடத் தள்ளுவேன் அக்கா. சாவியைக் கட்டடக்காரங்ககிட்ட குடுக்கிற தேதி அது."

ஊசியக்கா கணக்குப் போட்டாள். ஏழு நிமிஷம் என்றால் எழுபத்து நாலு மணி நேரம். பத்துப் பத்தாக ஒன்றாக ஊறவைத்தால் ஐந்து நிமிஷத்தில் ஒன்று முடிக்கலாம். மதிய உணவை மேசையிலேயே வைத்துக்கொண்டு, வேறு எதையும் தொடாமல் இருந்தால், லாரி வரும் நாளுக்குள் முக்கால்வாசிக்கு மேல் ஆகிவிடும். உதவிக்கு ஆள் கேட்க முடியாது. மற்ற இரண்டு பேர் போன மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் அவர்கள் மீன் பார்க்கிறவர்கள், பெண் ஊசித்தட்டானின் கழுத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை.

கடைசி வருஷத்து உறைகளிலிருந்து பின்னோக்கிப் பிரித்தாள். வாய்க்காலில் இப்போது என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கடைசி வருஷத்துக் கட்டில் ஒரு பள்ளம்கூட இல்லை. அதற்கு முந்தைய வருஷத்திலும் இல்லை. ஐந்து வருஷத்துக் கட்டுகள், தொண்ணூற்று மூன்று பெண்கள். அத்தனையும் நேர் விளிம்பு. ஆண்கள் மட்டும் வருஷா வருஷம் வந்திருக்கிறார்கள். தங்கள் இனத்துப் பெண் கிடைக்காமல், பக்கத்தில் வந்த எதையோ பிடித்துக்கொண்டு பறந்திருக்கிறார்கள். வலைக்காரர்கள் அதைப் பிடித்து வந்து, ஜோடி என்று கொடுத்திருக்கிறார்கள். அவள் அவ்வளவு அழகான கையெழுத்தில் பெயர் எழுதியிருக்கிறாள். அப்போதே கழுத்தைப் பார்த்திருந்தால் ஐந்து வருஷத்துக்கு முன்பே சத்தம் போட்டிருக்கலாம். பார்க்கவில்லை. அதைப் பற்றி அழுதுகொண்டிருக்க நேரமில்லை; அடுத்த பத்தை ஊறவைத்தாள்.

பின்னோக்கி ஆறாவது வருஷத்துக் கட்டில்தான் முதல் பள்ளம் வந்தது. அன்று பகல் இரண்டு மணிக்கு நாத்தனார் போன் செய்தாள். தம்பிக்கு மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாக இருக்கிறது என்றாள். ஊசியக்கா ஈரத்தில் கிடந்த பத்தையும் எடுத்து உலர் தாளில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதற்கு ஆன நான்கு நிமிஷத்தைப் பஸ்ஸில் முழுக்க நினைத்துக்கொண்டே போனாள்.

மருத்துவமனையில் நெஞ்சில் சளிக்காய்ச்சல் என்றார்கள். சாப்பாடோ தண்ணீரோ மூச்சுக்குழாயில் போயிருக்கிறது. கட்டில் ஓரத்தில் நாத்தனார் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமான வாய் இல்லை.

"நான்தான் படுத்தவாக்குல ஊத்திட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு, அவனைத் தூக்கி உட்கார வைக்க முடியல. தாகம்னு வாயைத் திறந்தான்."

"தெரியும் அண்ணி."

"திட்டிடேன் என்னை."

ஊசியக்கா திட்டவில்லை. இரக்கத்தில் அல்ல. திட்டினால் நாளைக்கு யார் வருவார்கள்? தன்னைவிட எட்டு வருஷம் பெரியவளான ஒருத்தியின் இடுப்பை நம்பி எழுபது கிலோ உடம்பை விட்டுவிட்டுப் போனது தன் கணக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வாரமாகவே நாத்தனார் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்ததைப் பார்த்திருந்தாள். பார்த்தும் போனாள்.

மூன்று நாள் அந்த நாற்காலியில் இருந்தாள். சொட்டு மருந்து இறங்குவதைப் பார்ப்பதைத் தவிர அங்கே அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. புரட்டிப் படுக்க வைக்கப் போனால், குழாய் இருக்கிறது, நாங்கள் செய்வோம் என்றாள் தாதி. நேரத்துக்குச் செய்யவும் இல்லை. இரண்டாம் நாள் அவன் குதிகாலில் ரூபாய்க் காசு அளவு சிவந்திருந்தது. ஊசியக்கா அதைக் காட்டினாள், எழுதிக்கொண்டார்கள். ஒரு துண்டைச் சுருட்டி அவளே அடியில் வைத்தாள், சுற்றுக்கு வந்தவர்கள் எடுத்துப் போட்டார்கள், மறுபடி வைத்தாள். நடுவில் துறைத்தலைவி போன் செய்து, எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பூச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. அது மரியாதைதான், ஆனாலும் கேட்டிருக்கலாம் என்று ஊசியக்காவுக்குப் பட்டது.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாத்தனார் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "நீ போ. இங்க நர்சுங்க தூக்குவாங்க, நான் வாயை மட்டும் பார்த்துக்கிறேன்" என்றாள். "ஒரு சொட்டு தண்ணி குடுக்க மாட்டேன், சத்தியமா."

லாரிக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. ஊசியக்கா கண் எரிய எரியப் பார்த்தாள். அவசரத்தில் மூன்று தலைகள் கழன்றன. அவற்றின் தகடு தெரிந்ததால் ஒருவழியாகக் கணக்கில் சேர்த்தாள். லாரி வரும் நாள் காலை பதினொரு மணிக்கு நிறுத்திவிட்டு எண்ணினாள். பார்த்தவை இருநூற்றுப் பதினொன்று. அவற்றில் உண்மையான கொக்கியான் பெண்கள் நாற்பத்திரண்டு, அத்தனையும் பழைய கட்டுகளில். பார்க்காதவை நானூற்று இருபத்தேழு. லாரி மூன்று மணிக்கு.

தச்சர் கடைசிப் பெட்டிக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அவருக்கும் விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவிதத்தில் தான் வாயைத் திறந்ததால் வந்த வினை என்று நினைத்து அடங்கியிருந்தார்.

"இதே கணக்குல மிச்சத்தையும் எழுதிடுங்க அக்கா. அஞ்சுல நாலு தப்புன்னு தெரிஞ்சு போச்சில்ல. யாரு வந்து பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?"

"எந்த நாலுன்னு எழுதறது?"

பார்க்காமல் பெயர் வைத்ததைத் திருத்த, மறுபடி பார்க்காமல் பெயர் வைப்பதா? பழைய கட்டுகளில் உண்மையான பெண்கள் அதிகம் இருக்கவும் கூடும். அவளுக்குத் தெரியாது. அந்த அறையில், அந்த நிமிஷத்தில், அவளால் சொல்ல முடிந்த உண்மை அது ஒன்றுதான்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன: பழைய பெயர், புதிய பெயர். தெரியாது என்று சொல்லக் கட்டம் இல்லை. பார்த்தவற்றுக்குப் பார்த்ததை எழுதினாள். பார்க்காத நானூற்று இருபத்தேழுக்கும், ஒவ்வொரு எண்ணாக, புதிய பெயர்க் கட்டத்தில் "பெண்ணைப் பார்க்கவில்லை" என்று எழுதினாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் எழுதிய மோசமான கையெழுத்து அது. கடைசிப் பக்கங்களில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. துறைத்தலைவி ஒன்றும் கேட்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். இந்தக் கட்டத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியாது என்று மட்டும் சொன்னாள். பெட்டிகள் இறங்கின. லாரி திரும்பும்போது வாசல் கம்பத்தில் லேசாக இடித்தது. ஊசியக்கா மேலிருந்து அதைப் பார்த்தாள், கத்தினால் கேட்காது.

கணவன் பத்து நாளில் வீட்டுக்கு வந்தான், குதிகாலில் ஒரு புண்ணோடு. அவள் இப்போது முழுநேரமும் வீட்டில் இருந்ததால் மருந்து வைத்துக் கட்ட நேரம் இருந்தது. புண் ஆற ஏழு வாரம் ஆனது. நாத்தனார் இப்போது சாயங்காலம் மட்டும் வருவாள், அதுவும் தூக்கும் வேலைக்கு இல்லை. உட்கார்ந்து தம்பியோடு பேசுவாள். அவன் சரி, சரி என்பான். அவளுக்கு அதுவே நல்ல பேச்சாக இருந்தது.

மூன்றாம் மாதம் பட்டியல் வந்துவிட்டது என்று துறைத்தலைவி போனில் அனுப்பினாள். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. ஊசியக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய்க்காலைத் தேடி, கொக்கியானைத் தேடி, பெண் என்ற கட்டத்தைப் பார்த்தாள். நானூற்று அறுபத்தொன்பது. அவள் பார்த்துச் சரி என்ற நாற்பத்திரண்டும், பார்க்காத நானூற்று இருபத்தேழும். புதிய பெயர் இல்லாத உறைக்குப் பழைய பெயரே தொடரும் என்று பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. வாய்க்காலுக்கு நேரே, "போதுமான அளவில்" என்று இருந்தது.

அவள் கிடங்கின் எண்ணுக்கு அடித்தாள். மூன்று பேர் கைமாறி, நான்காவதாக ஒருவன் எடுத்தான். இளைஞனின் குரல், மரியாதையாகப் பேசினான், பொறுமையாகவும் கேட்டான். கடைசி ஐந்து வருஷத்தில் அந்த இனத்துப் பெண் ஒன்றுகூட அகப்படவில்லை, தொண்ணூற்று மூன்றையும் தானே பிரித்துப் பார்த்தாகிவிட்டது, படிவத்தில் எழுதியும் இருக்கிறது என்று அவள் அவசரப்படாமல் சொன்னாள். அவன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"நானூத்து அறுபத்தொம்பதுன்னு காட்டுதே அம்மா. ஜோடியாப் புடிச்சதுன்னும் போட்டிருக்கு. பேர் வச்சவங்க யாருன்னு பார்க்கட்டுமா, அவங்ககிட்டயே கேட்டுடலாம்."

"நான்தாம்ப்பா அது."

பிறகு அவன், இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டான். வேலையில் இல்லை என்றாள். அப்படியானால் வேலையில் இருக்கிற வேறு நிபுணர் யாராவது பார்த்து எழுதிக் கொடுத்தால் அடுத்த திருத்தத்தில் சேர்க்கலாம், ஆறு வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம் வரும் என்றான். பெண்ணின் கழுத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர் அங்கே யாராவது இருக்கிறாரா என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாக எண்ணைக் குறித்துக்கொண்டான். சரியாகக் குறித்தானா என்று பார்க்க, அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னாள்.

அவன் கூப்பிடவில்லை. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் வேறு ஆள் எடுத்தார். முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. வாய்க்காலுக்கே ஒருமுறை போய் வரலாம் என்று நினைத்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும், போக வர நான்கு மணி நேரம். நாத்தனாரின் இடுப்பைப் பார்த்துவிட்டு அந்த நினைப்பை விட்டாள். பூச்சி பறக்கிற பருவம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. சிமெண்ட் வேலைக்குத் தேதி அதற்குள்ளேயே குறித்திருந்தார்கள். இரண்டு மணிக்கொரு முறை என்ற கணக்கில் பத்து மணி ஆகிவிட்டிருந்ததால் அவள் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கணவனை இடப்பக்கம் புரட்டப் போனாள்.